ஐஸ்கிரீம் வாளியில் வந்த துப்பாக்கி

டெல்மர் துப்பாக்கியை ஐஸ்கிரீம் வாளியில் போட்டுக் கொண்டுவந்தான். எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் காலி ஐஸ்கிரீம் வாளியை யாரும் தூக்கி எறிவதில்லை. ஆணி போட்டு வைப்பார்கள், உருளைக்கிழங்கு சாலட் கிண்டி வைப்பார்கள், கன்றுக்குட்டிக்குப் பால் கரைத்து ஊட்டுவார்கள். அதனால் வாளியைப் பார்த்து ரோலண்டுக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. மார்ச் மாதத்தில் முழுசாகப் போன துப்பாக்கி நவம்பரில் ஏன் துண்டு துண்டாகத் திரும்பி வருகிறது என்று மட்டும் அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சமையலறை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, மைத்துனன் வாசலில் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலை நாலு மணியிலிருந்தே ரோலண்ட் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். கறக்க மாடு இல்லை என்பது உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. நாலு மணிக்கு எழுப்பிவிட்டுவிடும். எழுந்து காபி போட்டுக்கொண்டு உட்காருவான். விடியும். மனைவி வெர்னா எழுந்து வந்து, அவன் தலைமுடியை ஒருமுறை கோதிவிட்டு, முதியோர் இல்லத்துச் சமையல் வேலைக்குப் போவாள். அவன் அப்படியே இருப்பான். துக்கமா என்றால் துக்கமில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி ஒரு மரத்துப்போன நிலை; கிள்ளினாலும் யாரையோ கிள்ளியது போலத்தான் இருக்கும்.

மார்ச்சில் மாடுகள் போயின. பால் வண்டி இனி உங்கள் பக்கம் வராது, சின்னப் பண்ணைகளைச் சுற்றி வந்தால் கட்டுப்படியாகவில்லை என்று பால் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பால் எடுக்க ஆளில்லாமல் மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு சனிக்கிழமை ஏலம் நடந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் வந்து, கையில் ஹாட் டாக் வைத்துக்கொண்டு, ரோலண்டின் முகத்தை மட்டும் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலமே டெல்மர் தன் பிக்கப் வண்டியோடு வந்து நின்றான். "உன் வீட்டு நிலவறை ரொம்ப ஈரமா இருக்கு மாப்ள. துப்பாக்கியெல்லாம் துருப்பிடிச்சிரும். நான் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணி வைக்கிறேன்" என்றான். அந்த நிலவறையில் ஈரம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ரோலண்டே ஒவ்வொன்றாக மேலே தூக்கிவந்து வண்டியில் அடுக்கினான். வெர்னா தொட்டியருகே முதுகைக் காட்டி நின்று, கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இது எங்கள் ஆட்களின் வழக்கம். பண்ணை போனவன், பெண்டாட்டி விட்டுப்போனவன், பிள்ளையைப் புதைத்தவன், எவனாக இருந்தாலும் அவன் வீட்டுக்கு யாராவது ஒருவன் வந்து துருவைப் பற்றியோ எண்ணெயைப் பற்றியோ பேசிவிட்டுத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கொடுக்கிறவனும் காரணம் தெரியாதது போலவே கொடுப்பான். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக எத்தனை பேர் எத்தனை பொய் சொல்கிறோம் என்று நினைத்தால் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

எடுத்துக்கொண்டு போனவன், மான் வேட்டைக் காலம் வந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். அதுவும் வழக்கம்தான். நாளை சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது. ஒன்பது நாளைக்கு ஊரில் எந்த வேலையும் நடக்காது. புதன்கிழமை ரோலண்ட் போன் செய்து, "என் துப்பாக்கியக் கொண்டுவந்து குடு மச்சான்" என்றான். மானுக்குத்தானே என்று டெல்மர் கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்டது வேறு. "வேட்டைக்குப் போடுற ஆரஞ்சுச் சட்டை இருக்கா, இல்ல அதையும் எடுத்துட்டு வரவா?"

துப்பாக்கி மானுக்கா என்று ரோலண்டுக்கே தெரியாது. யோசித்துப் பார்க்கக்கூடச் சோம்பலாக இருந்தது.

"ஏன் மச்சான், முழுசாக் கொண்டுவந்தா கை சுட்டுருமா?" என்று வாளியைப் பார்த்துக் கேட்டான் இப்போது.

"சுத்தம் பண்ணப் பிரிச்சேன். சேர்க்க நேரமில்ல. என் ரிப்பேர் கடையில பனி தள்ளுற மெஷினா வந்து குவியுது. போன வருஷம் பெட்ரோலை உள்ளேயே விட்டு மூடிவச்சவன் எல்லாம் இப்ப வந்து, இது ஏன் ஸ்டார்ட் ஆகலன்னு என்னையக் கேக்கிறான்."

"மேல் பாதி எங்க?"

"வண்டியில. கீழ்ப் பாதி சேந்ததும் எடுத்துட்டு வர்றேன்." டெல்மர் ஜாக்கெட்டைக் கழற்றாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "வெர்னா எத்தன மணிக்கு வருவா?"

"அஞ்சரை."

டெல்மர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றரை.

மேசைமேல் ஒரு பழைய துண்டை விரித்து வாளியில் இருந்ததை எடுத்துவைத்தான். கறுப்பு அலுமினியத்தில் துப்பாக்கியின் கீழ்க்கூடு. கூடவே மாத்திரைக் குப்பிகளில் ஸ்பிரிங்குகளும் முளைகளும். இந்த வகைத் துப்பாக்கி இரண்டு பாதியாக வரும். இரண்டையும் பிணைப்பது முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு குறுக்காணிகள். அந்த ஆணிகள் கழன்று விழாமல் பிடித்துக்கொள்ள ஆணிக்கு ஒன்றாக ஒரு சின்ன முளை. அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் நீளம். அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங். பின்பக்கத்து முளை சாது. முன்பக்கத்து முளை இருக்கிறதே, அது போக்கிரி. ஸ்பிரிங்கை அழுத்தி உள்ளே தள்ளும்போது விரல் இம்மி நகர்ந்தால் போதும், பறந்துவிடும். அப்புறம் ஆயுசு பூராவும் தேடலாம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே துப்பாக்கியை இதே மேசையில் இருவரும் முதல்முறை சேர்த்தபோது அப்படித்தான் பறந்தது. அடுப்பை நகர்த்தினார்கள், குளிர்பெட்டியை நகர்த்தினார்கள், பிரயோஜனமில்லை. ஒரு வாரம் கழித்துப் பூனையின் தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து வெர்னா அதை எடுத்தாள். "பூனை முழுங்கியிருந்தா ரெண்டு பேரும் அது பின்னாடியே கரண்டியோட அலைஞ்சிருப்பீங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு டெல்மர் அந்த வேலையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டுதான் செய்வான். பறந்தாலும் பைக்குள்ளேயே விழும். ஒவ்வொரு முறையும் ரோலண்ட், "என்ன மச்சான், கன்னு இழுக்கிறியா? தலை வந்துதா, கால் வந்துதா?" என்று கேலி செய்வான். பைக்கு மேல் இன்னொரு காப்பாக, உபரி முளைகளை ஒரு தகர டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பான் டெல்மர். ஒரு காலத்தில் வாய்ப்புகையிலை இருந்த டப்பா. அவன் நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் வரும். சின்னப்பிள்ளை கிலுகிலுப்பை என்று அதற்கும் ஒரு கேலி.

இன்று ரோலண்ட் கேலி எதுவும் செய்யவில்லை. காபி ஊற்றிக் கொடுத்தான். வெர்னா சுட்டுவைத்திருந்த பூசணிக் கேக் துண்டுகளை நகர்த்தி வைத்தான். டெல்மர் இரண்டைத் தின்றான். குப்பி ஒன்றைத் திறந்து மூடினான்.

"உன் மாடு பெட்டூனியாவப் பாத்தேன் மாப்ள. அந்தப் பெரிய பண்ணையில. கம்ப்ரஸர் பாக்கப் போனேன். காதுல புது நம்பர் போட்டிருக்கான். நம்பர் மாறினா என்ன, மூஞ்சிய வச்சே கண்டுபிடிச்சேன்."

"ம்."

"உதைக்கிற புத்தி மட்டும் அப்படியே இருக்காம். கறக்கிற பையன் ஒருத்தனை மூலையில உக்கார வச்சிருச்சாம்."

சிரிக்க வேண்டிய இடம் என்று ரோலண்டுக்குத் தெரிந்தது. பிறந்த அன்றைக்கே வைக்கோலால் துடைத்துத் தூக்கிவிட்ட மாடு அது. உள்ளுக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தான். இல்லை. "பின்னாடி முளைய நான் போடுறேன், குடு" என்றான்.

முளையை ஓட்டைக்குள் விட்டான். ஸ்பிரிங்கை வைத்தான். தடித்த விரல்தான், ஆனாலும் நடுக்கமில்லை. குறுக்காணி 'டக்' என்று போய் உட்கார்ந்தது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் ஒரு திருப்தி வரும்.

"இன்னும் ஒண்ணுதான்" என்றான்.

டெல்மர் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒண்ணு சொல்லவா? இந்த வருஷம் என்னோட பழைய துப்பாக்கியே போதும். ரெண்டு பேரும் ஒரே பரண்ல உக்காந்துக்குவோம். நீ பாத்துச் சொல்லு, நான் சுடுறேன். எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"என்னோடது வேணும் மச்சான்."

"இல்ல, சும்மா சொன்னேன்."

"என்னோடதுதான. குடு."

அவன் குரல் உயரவில்லை. டெல்மர் இன்னொரு காபி கேட்டான். குடித்தான். ஜன்னலுக்கு வெளியே காலி மாட்டுக்கொட்டகையின் கூரையில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் முன்பக்கத்து முளையைக் குப்பியிலிருந்து எடுத்தான். ஸ்பிரிங்கை ஓட்டையில் விட்டு, முளையை அதன்மேல் வைத்து, ஒரு மெல்லிய கத்தி முனையால் அழுத்தினான். முனை இரண்டு முறை வழுக்கியதை ரோலண்ட் பார்த்தான். பனி தள்ளுகிற மெஷின்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிய களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

'விண்' என்று ஒரு சத்தம். விளக்கின் கண்ணாடியில் 'டிங்' என்று இன்னொன்று. முளை போய்விட்டது.

"போச்சுடா!" என்றான் டெல்மர்.

இருவரும் தரையில் இறங்கினார்கள். டெல்மர் மேசைக்கடியில் நாலு காலில் தவழ்ந்தான். ரோலண்ட் கதவோரமாகத் தேடினான். அங்கே கால் துடைக்கும் விரிப்பின்மேல் அவனுடைய கொட்டகை பூட்ஸ் ஜோடி நின்றிருந்தது. மார்ச்சுக்குப் பிறகு போடாத பூட்ஸ். வெர்னா கழுவித் துடைத்து அங்கேயே வைத்துவிட்டாள். தூக்கி உள்ளே வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினான், ஒன்றுமில்லை. இன்னொன்றுக்குள் கையை விட்டான்.

அடியில், குதிகால் பக்கத்தில், விரலில் பட்டது. முளைதான். கூடவே காய்ந்த வைக்கோல் துணுக்கு ஒன்று. கையை வெளியே எடுத்தபோது பூட்ஸுக்குள்ளிருந்து வாசனையும் வந்தது. எத்தனை கழுவினாலும் ரப்பரை விட்டுப் போகாத அந்தப் புளித்த தீவனமும் பாலும் சாணமும் கலந்த வாசனை. ஏதோ ஒன்று வலித்தது. எங்கே என்று தெரியவில்லை, ஆனால் வலித்தது நிஜம். கையை மூடிக்கொண்டான்.

"கெடச்சுதா?" என்றான் டெல்மர் மேசைக்கடியிலிருந்து.

"இல்ல." ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்குத் தெரியாது. "உபரி வச்சிருப்பியே?"

"இல்ல மாப்ள. எல்லாம் தீந்துபோச்சு. இனி ஆர்டர் போட்டுத்தான் வாங்கணும். வேட்டை முடிஞ்சிரும் அதுக்குள்ள." சொல்லிக்கொண்டே டெல்மர் அடுப்புப் பக்கம் தவழ்ந்தான். தவழ்ந்தபோது அவன் சட்டைப்பையில் டப்பா கிலுகிலுவென்று சத்தம் போட்டது.

ரோலண்ட் எழுந்து நின்றான். மேசையைப் பார்த்தான். வாளிக்குள், அடியில், பிளாஸ்டிக் பைச் சுருள் பிரிக்கப்படாமல் கிடந்தது. மறந்து வருகிற ஆளில்லை டெல்மர். மறக்கவும் இல்லை, கொண்டுவந்திருக்கிறான். கொண்டுவந்துவிட்டுப் பிரிக்காமல் வைத்திருக்கிறான். பத்து வருஷமாகப் பையில்லாமல் அந்த முளையைத் தொடாதவன், இன்று வெறும் கையில் வைத்து அழுத்தியிருக்கிறான். பறக்க விட்டிருக்கிறான். ஐம்பது வயதைத் தாண்டிய, முழங்கால் தேய்ந்த மனிதன், தானே பறக்கவிட்ட ஒன்றைத் தேடுவது போல இப்போது அடுப்புக்கடியில் தலையை விட்டுக்கொண்டிருக்கிறான்.

கடிகாரத்தில் நாலே முக்கால். இதை மேசைமேல் வைத்தால் ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். டெல்மர் மேல் பாதியை எடுத்து வந்து கொடுத்துவிட்டுக் கிளம்புவான். வெர்னா ஐந்தரைக்கு வருவாள். நடுவில் அரை மணி நேரம்.

நேரத்தை இப்படி எண்ணிய பிறகுதான் ரோலண்டுக்குப் புரிந்தது. இந்தக் கணக்கை அவன் இப்போது போடவில்லை. காலை நாலு மணியிலிருந்தே போட்டுக்கொண்டிருந்தான். டெல்மர் எப்போது போவான், வெர்னா எப்போது வருவாள், நடுவில் எவ்வளவு நேரம். மான் வேட்டைக்குப் போகிறவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? மானுக்கென்று அவன் ஆரஞ்சுச் சட்டையைக்கூட எடுத்துவைக்கவில்லை. அவனுக்கு பயமாக இருந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக, நன்றாகவே பயமாக இருந்தது.

"மச்சான், எந்திரி" என்றான்.

"இரு மாப்ள, இந்தப் பக்கம்..."

"எந்திரி. அங்க இல்ல அது."

டெல்மர் அடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முழங்காலெல்லாம் தூசி. ரோலண்ட் கையை நீட்டி விரித்தான். உள்ளங்கை நடுவில் முளை. அதோடு ஒட்டிக்கொண்டு வைக்கோல் துணுக்கு.

"இத நீயே வச்சுக்கோ" என்றான். "நான் கேட்டாலும் குடுக்காத. சண்டை போட்டாலும் குடுக்காத."

டெல்மர் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எடுக்கவில்லை. அவன் முகம் கோணியது. "வேணும்னுதான் விட்டேன் மாப்ள. வர்ற வழியெல்லாம் எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். வாய் வரல."

"தெரியும். டப்பா சத்தம் கேட்டுச்சு."

"எழவெடுத்த டப்பா" என்றான் டெல்மர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. முளையை எடுத்து டப்பாவில் போட்டான். வைக்கோல் துணுக்கை மட்டும் திரும்ப ரோலண்டின் கையிலேயே வைத்தான். வழக்கமாக இந்த இடத்தில் யாராவது பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்து எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். டெல்மர் வாயைத் திறந்தபோது ரோலண்டும் அதைத்தான் எதிர்பார்த்தான்.

"செத்துரலாம்னு தோணுதா மாப்ள?"

அவ்வளவு வெட்டவெளிச்சமாக அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டவனுக்கே தூக்கிவாரிப் போட்டது போல இருந்தது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"தோணுதுன்னு தெரியாது" என்றான் ரோலண்ட். "இப்பத்தான் தெரியுது."

"வேற ஏதாவது இருக்கா வீட்டுல?"

"இல்ல. நீ எல்லாத்தையும் கொண்டுபோயிட்டியே."

"நெசமா?"

"நெசமா மச்சான்."

டெல்மர் தலையாட்டினான். கீழ்க்கூட்டைத் துண்டில் சுற்றினான், குப்பிகளை மூடினான். எல்லாவற்றையும் வாளிக்குள் போட்டு, வெனிலா என்று எழுதிய மூடியை நாலு பக்கமும் தட்டி அழுத்தி மூடினான். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். வண்டிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ரோலண்ட் மேசையருகே நின்றபடி அடுத்து எஞ்சின் சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது கேட்டுவிட்டால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு, பூட்ஸ்கூடப் போடாமல், காலுறையோடு பனியில் இறங்கினான்.

"மச்சான்!"

டெல்மர் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான்.

"போயிராத. வெர்னா வர்ற வரைக்கும் இரு."

"நான் எங்கடா போறேன்" என்றான் டெல்மர். "வண்டியப் பூட்டத்தான் வந்தேன். உள்ள போ, கால் வெறைச்சிரும்."

ரோலண்ட் குனிந்து பார்த்தான். காலுறை நனைந்து, பாதம் இரண்டும் சுரீரென்று கடுத்தன.

உள்ளே வந்ததும் டெல்மர் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான். தொப்பியையும் எடுத்து மேசைமேல் வைத்தான். "அவகிட்ட யார் சொல்றது? நானா, நீயா?"

ரோலண்ட் உட்கார்ந்து ஈரக் காலுறையை உரித்தான்.

"நானே சொல்றேன். நீ பக்கத்துல இரு."